மணலில் மறைந்த நீரெல்லாம் நிலத்தடிக்குப் போய்ச் சேராது

பாலாற்றில் வெள்ளம் வடிந்ததும், ஆறு நிலத்துக்குள் எவ்வளவு தண்ணீரை இறக்கியது என்று கணக்குப் போட இளைஞர்கள் கிளம்பிவிடுகிறார்கள். நல்ல விஷயம். ஆனால் எங்கள் காலத்துப் பிழைகளே திரும்ப வருகின்றன. அலகை மாற்றிப் போடுவது போன்றவற்றை விட்டுவிடுகிறேன்; அவை தாமாகவே வெளியே தெரிந்துவிடும்.

மேலே வந்தது, கீழே போனது, மீதியெல்லாம் ஊறியது

இரண்டு இடங்களில் நீரோட்டத்தை அளந்து, வித்தியாசம் முழுவதையும் நிலத்தடி நீர் என்று எழுதிவிடுவது. இதைப் பார்த்தால் எனக்கு இன்றும் ஆத்திரம் வருகிறது. ஓர் அறிக்கைக்காக, வாலாஜாபேட்டை அருகே பாலாறு அணைக்கட்டுக்கு மேலேயும் கீழேயும் அளந்திருந்தார்கள். அங்கிருந்து கால்வாய் வழியாகக் காவேரிப்பாக்கம் ஏரிக்குத் திரும்பிய தண்ணீரும் மணலில் ஊறிய கணக்கில் ஏறிவிட்டது. அந்த எண்ணை நம்பி ஆற்றுக்குள் குடிநீர்க் கிணறுகள் இறக்கினார்கள். சித்திரையில் டார்ச் அடித்துப் பார்த்தால் அடியில் ஈர மணல்தான். ஊர்ப் பெண்கள் குடத்தோடு ரோட்டில் நின்றார்கள்.

சரி, கால்வாயைக் கழித்துவிட்டோம். அப்போதும் கணக்கு முடியாது. காய்ந்த மணல் முதலில் தன் தாகத்தைத் தீர்த்துக்கொள்ளும். நீர்மட்டம் 10 மீட்டர் ஆழத்தில் இருந்து, மணல் 5 சதவீத ஈரத்தைத் தன்னிடமே பிடித்து வைத்தால், அரை மீட்டர் உயரத் தண்ணீர் நனைவதற்கே போய்விடும். அதில் மேலே நிற்பதை வெயில் எடுக்கும், கீழே நிற்பதைச் சீமைக்கருவேலம் எடுக்கும். வண்டல் படிந்து மணல் அடைபடாமல் இருந்தால், அதே பருவத்தின் இரண்டாவது வெள்ளம் கூடுதலாக இறங்குவது இதனால்தான்.

தவறு எதிர்ப்பக்கமும் போகும். திருமுக்கூடலில் செய்யாறும் வேகவதியும் வந்து சேர்வதை மறந்தால், ஆறு எதையுமே தரவில்லை என்று விடை வரும்.

ஓடை வரத்தைக் கூட்டி, கால்வாயைக் கழித்தபின் கிடைப்பது உச்சவரம்பு மட்டுமே. கரையோரக் கிணறுகளின் நீர்மட்டத்தோடு ஒத்துப் பார்க்காமல் அதை அறிக்கையில் ஏற்றாதீர்கள்.

ஆற்று மணலின் எண்ணைப் பாறைக் கிணற்றுக்குப் போடுவது

மத்திய அரசின் நிலத்தடி நீர் மதிப்பீட்டு வழிமுறை, நீர் தரும் அளவாக மணற்படுகைக்கு 16 சதவீதமும், களிமண் குறைந்த சிதைந்த கிரானைட்டுக்கு 3 சதவீதமும் சொல்கிறது. கிணற்று நீர்மட்டத்தின் ஒரு மீட்டர் உயர்வு, மணலில் 160 மில்லிமீட்டர் தண்ணீர், பாறையில் 30தான். கரையை விட்டுச் சற்று விலகினாலே பல இடங்களில் பாறை வந்துவிடுகிறது.

ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் குளோரைடு முறை

மழைநீரின் குளோரைடு உப்பை நிலத்தடி நீரின் உப்போடு ஒப்பிட்டு, ஊறிய அளவைக் கணக்கிடும் முறை இது. அங்கே வேண்டாம். தோல் பதனிடும் உப்பு நிலத்தடி நீரில் ஏறியிருக்கிறது. நிலத்தடி நீரில் உப்பு கூடினால், ஊறியது குறைவு என்றே விடை வரும்.

மோட்டார் ஓடும்போது எடுத்த நீர்மட்டம்

அந்தத் தாளைக் கிழித்துப் போடுங்கள். மும்முனை மின்சாரம் எத்தனை மணிக்கு வருகிறது என்று கிணற்றுக்காரரிடம் கேட்டுவிட்டு, மோட்டார் நின்று சில மணி நேரம் கழித்துப் போங்கள்.