ரிப்போர்ட்டில் வாயில் நுழையாத நோய்ப் பெயரா? வாலில் இருந்து படியுங்கள்

குன்னூர், கோத்தகிரியில் இருந்து ஸ்கேன் எடுக்கக் கோவைக்கு இறங்குகிறவர்கள் நிறையப் பேர். திரும்பி மலை ஏறும்போது பஸ்ஸில் கவரைப் பிரித்தால் ஒரு வரியும் புரியாது. டாக்டரைப் பார்ப்பதோ மறுநாள்தான். அந்தத் தாளைக் கொஞ்சம் தெளிவாகப் படிக்க ஒரு வழி இருக்கிறது. நோய்ப் பெயர்கள் பெரும்பாலும் கிரேக்கத்திலும் லத்தீனிலும் இருந்து வந்தவை, ஆனால் அந்த மொழிகள் தெரிந்திருக்க வேண்டாம்.

படி 1: வாலைப் பிடியுங்கள்.

உடம்பில் என்ன நடக்கிறது என்பதைப் பெரும்பாலும் கடைசிப் பகுதிதான் சொல்லும். ‘ஐட்டிஸ்’ என்று முடிந்தால் அழற்சி: சிவந்து, வீங்கி, சூடேறி வலிப்பது. டான்சிலைட்டிஸ், ஆர்த்ரைட்டிஸ் எல்லாம் இந்த வகை. ஐட்டிஸ் என்றாலே கிருமி என்று நினைக்காதீர்கள். தேய்மானத்தால் வரும் மூட்டுவலிக்கும் இதே வால்தான். ‘எக்டமி’ என்றால் வெட்டி எடுத்துவிடுவது, ‘ஸ்கோப்பி’ என்றால் குழாய் விட்டுப் பார்ப்பது, ‘மெகலி’ என்றால் உறுப்பு பெருத்திருப்பது.

பலரையும் கலங்கடிப்பது ‘ஓமா’. கட்டி என்பதுதான் பொருள், எல்லாம் கேன்சர் இல்லை. தோலுக்கடியில் உருளும் லைப்போமா வெறும் கொழுப்புக் கட்டி. கார்சினோமா, சார்கோமா, லிம்ஃபோமா போன்றவைதான் புற்றுநோய்.

படி 2: நடுவில் உறுப்பைத் தேடுங்கள்.

கார்டியோ இதயம், ஹெபட்டோ கல்லீரல், கேஸ்ட்ரோ இரைப்பை, ஆர்த்ரோ மூட்டு. சிறுநீரகத்துக்கு ஏன் இரண்டு பெயர்? நெஃப்ரோ கிரேக்கம், ரீனல் லத்தீன், இரண்டும் ஒன்றே. ரிப்போர்ட்டில் ‘ரீனல் கால்குலஸ்’ என்று இருந்தால் சிறுநீரகக் கல். கால்குலஸ் என்றால் லத்தீனில் கூழாங்கல். கல்லை வைத்து எண்ணிய காலத்தில் இருந்து கணக்குப் பாடத்துக்கும் அதே பெயர் ஒட்டிக்கொண்டது.

படி 3: தலையைக் கடைசியில் பாருங்கள்.

ஹைப்பர் கூடுதல், ஹைப்போ குறைவு. தைராய்டு ரிப்போர்ட்டில் இதை மாற்றிப் படித்தால் வியாதியே தலைகீழாகிவிடும், நிதானமாகப் படியுங்கள். டேக்கி வேகம், பிராடி மந்தம். ‘அன்’ என்றால் இல்லை. ‘ஈமியா’ என்ற வால் ரத்தத்தைக் குறிக்கும். இரண்டும் சேர்ந்தால் அனீமியா. ரத்தமே இல்லை என்று அர்த்தம் எடுத்துக்கொள்ள வேண்டாம், ரத்தசோகை, அவ்வளவுதான். நீலகிரியில் கேள்விப்படும் சிக்கிள் செல் அனீமியாவில் சிவப்பணு அரிவாள் மாதிரி வளைந்துவிடும். இந்தியாவில் அது முதன்முதலாகப் பதிவானதே 1952இல், இந்த மலைப் பழங்குடியினரிடம்தான்.

படி 4: பிரிக்க முடியாததைப் பிரிக்காதீர்கள்.

சில பெயர்களில் அறிவியலைவிடப் பழைய நம்பிக்கைதான் அதிகம். மலேரியா என்பது இத்தாலிய மொழியில் ‘கெட்ட காற்று’. சதுப்பு நிலக் காற்றால்தான் காய்ச்சல் வருகிறது என்று வெகுகாலம் நம்பினார்கள். பிரிட்டிஷ் டாக்டர் ரொனால்ட் ராஸ் 1897இல் ஊட்டிக்கு விடுப்பில் வந்தார். சீகூர் பக்கம் போய் அவரே மலேரியாவில் படுத்தார். அதே ஆண்டு ஆகஸ்ட் 20இல் செகந்திராபாத்தில் கொசுவின் வயிற்றுக்குள் அந்தக் கிருமியைக் கண்டுபிடித்தார். காற்றின் மேல் இருந்த பழி தீர்ந்தது, பெயர் மட்டும் அப்படியே நின்றுவிட்டது. மலேரியாவுக்கு வெகுகாலம் கொடுத்த மருந்தான குயினைனின் பெயர், ‘பட்டை’ என்ற பொருளுள்ள தென் அமெரிக்கச் சொல்லில் இருந்து வந்தது. கூடலூர் சாலையில் நடுவட்டத்தில் சின்கோனா மரங்களைப் பயிரிட்டது குயினைன் எடுக்கும் அந்தப் பட்டைக்காகத்தான்.

குன்னூர் பாஸ்டர் இன்ஸ்டிட்யூட் 1907இல் தொடங்கியது வெறிநாய்க்கடி சிகிச்சைக்காக. ரேபிஸ் என்றால் லத்தீனிலும் வெறிதான். வேக்சின் என்ற சொல்லுக்குள் இருப்பது பசு. ஆங்கிலேய டாக்டர் ஜென்னர் 1796இல் பெரியம்மைக்குத் தடுப்பு தேடியது மாட்டு அம்மையில் இருந்து.

படி 5: ஒன்றைப் பிரித்துப் பாருங்கள்.

ஹெபட்டோஸ்ப்ளீனோமெகலி. வால் மெகலி, பெருத்தல். நடுவில் ஸ்ப்ளீன், மண்ணீரல். முன்னால் கல்லீரல். ஆக, இரண்டும் பெருத்திருக்கின்றன. ஏன் பெருத்தன என்பது பெயரில் இருக்காது. அந்த ஒரு கேள்வியை ரிப்போர்ட்டின் ஓரத்தில் பென்சிலால் எழுதி வைத்துக்கொண்டு டாக்டரிடம் கேளுங்கள்.