மலிவு விலைக் குட்டி கேமராவைச் சோதிக்கும் முறை

சட்டைப்பையில் அடங்கும் மலிவான டிஜிட்டல் கேமராவை வாங்கும்போது, பெட்டியின் மேல் கொட்டை எழுத்தில் இருக்கும் மெகாபிக்சல் கணக்கை நம்ப வேண்டியதில்லை. 48, 64 என்ற எண்கள் பெரும்பாலும், சிறிய சென்சார் பதிவு செய்த படத்தை மென்பொருள் ஊதிப் பெருக்கியதால் வந்தவையே.

நல்ல வெயிலில் எந்தக் கேமராவும் சுமாராகப் படமெடுத்துவிடும் என்பதால், இரவில் டியூப்லைட் வெளிச்சத்தில், ஃபிளாஷை அணைத்து, கேமராவை மேசைமீது வைத்து, டைமர் மூலம் சுவரில் ஒட்டிய செய்தித்தாள் பக்கத்தைப் படமெடுத்து, கணினியில் 100 சதவீத அளவில் பாருங்கள். நடுவில் தெளிவாக இருக்கும் எழுத்துகள் மூலைகளில் கலங்கினால், குறை பெரும்பாலும் லென்ஸில் இருக்கும். பக்கம் முழுவதும் எழுத்தின் ஓரங்கள் ஈரத்தாளில் மை ஊறியதுபோல் கரைந்திருந்தால், குறைந்த வெளிச்சத்தில் படத்தில் தோன்றும் புள்ளிகளை மறைக்கும் முயற்சியில் கேமராவே நுணுக்கங்களை அழித்திருக்கக்கூடும். அதற்குச் செல்போனே மேல்.

லென்ஸ் வளையத்தில் '5.0–25.0' என இரு எண்கள் இருந்தால் அது 5 மடங்கு ஆப்டிகல் ஜூம், அதாவது லென்ஸே காட்சியைப் பெரிதாக்கும். ஒரே எண்தான் என்றால், விளம்பரத்தில் சொல்லும் '16 மடங்கு' படத்தின் ஒரு பகுதியை வெட்டிப் பெரிதாக்குவது மட்டுமே.

பழைய கேமரா என்றால் மெமரி கார்டையும் விசாரியுங்கள். 2006-க்கு முன் வந்த பல மாடல்கள் 2 ஜிபிக்கு மேற்பட்ட எஸ்டி கார்டை ஏற்பதில்லை.