மெதுவான எஸ்.க்யூ.எல். க்வெரியைக் கண்டுபிடித்துச் சரிசெய்வது எப்படி?

மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் ஒரு கமிஷன் கடைக்கு பில்லிங் சாஃப்ட்வேர் எழுதிக் கொடுத்திருந்தேன். முகூர்த்த நாள் விடியற்காலையில் போன்: "தம்பி, மல்லியை இறக்கிட்டு விவசாயி நிக்கிறாரு, சீட்டு வரமாட்டேங்குது!" ரேம் கூட்டச் சொல்லலாமா என்று யோசித்தேன். நல்லவேளை, சொல்லவில்லை. கோளாறு ஒரு க்வெரியில், அதாவது டேட்டாபேஸிடம் தகவல் கேட்கும் கட்டளையில் இருந்தது.

(கமாண்டுகளைத் தமிழில் எழுதியிருக்கிறேன். நீங்கள் ஆங்கிலத்தில்தான் அடிக்க வேண்டும்.)

1. எது மெதுவென்று பாருங்கள்

கடையின் டேட்டாபேஸ் மைஎஸ்க்யூஎல். அதில் ஸ்லோ க்வெரி லாக் (மெதுவான க்வெரிகளைக் குறித்துவைக்கும் பதிவேடு) வழக்கமாக ஆஃபில்தான் இருக்கும். ஆன் செய்தாலும் 10 விநாடி தாண்டினால்தான் பதிவாகும். அதை 1 ஆக்குங்கள்:

செட் குளோபல் ஸ்லோ_க்வெரி_லாக் = 1;
செட் குளோபல் லாங்_க்வெரி_டைம் = 1;

இந்த 1 விநாடி புதிய கனெக்‌ஷன்களுக்கு மட்டும்தான். ஏற்கெனவே திறந்திருப்பவை பழைய கணக்கிலேயே ஓடும். ஆப்பை ஒருமுறை மூடித் திறங்கள். இது தெரியாமல் காலி லாக்கையே அரை மணி நேரம் வெறித்துக்கொண்டிருந்தேன்.

2. எக்ஸ்ப்ளெயின் போடுங்கள்

சிக்கிய க்வெரிக்கு முன்னால் 'எக்ஸ்ப்ளெயின்' சேர்த்து ஓட்டுங்கள். டேட்டாபேஸ் தகவலை எப்படித் தேடப்போகிறது என்று காட்டும். எனக்கு வந்தது: டைப் (தேடும் விதம்) 'ஆல்', அதாவது முழுவதும்; கீ (பயன்படுத்தும் இன்டெக்ஸ்) 'நல்', அதாவது எதுவுமில்லை; ரோஸ் (பார்க்கும் வரிகள்) ஏறத்தாழ 6 லட்சம். ஒரு விவசாயியின் ஏழு வரிக்காக மொத்தப் பேரேட்டையும் புரட்டியிருக்கிறது! (ரோஸ் என்பது உத்தேசக் கணக்குதான்.)

3. இன்டெக்ஸ், கண்டிஷன் இரண்டையும் சரிசெய்யுங்கள்

க்வெரியில் இருந்தவை: விவசாயி எண், டேட்(வரவு_நேரம்) = இன்று. (விவசாயி_எண், வரவு_நேரம்) என்று இன்டெக்ஸ் போட்டேன். புத்தகத்தின் கடைசியில் வரும் அகராதிப் பட்டியல் மாதிரி, வேண்டிய வரியை நேராகக் காட்டும். 'சமம்' பார்க்கும் ஃபீல்டு முன்னால், 'இதிலிருந்து இதுவரை' பார்ப்பது பின்னால்.

ரோஸ் 1,400-க்கு இறங்கியது. ஏன் ஏழு இல்லை? ஃபீல்டை டேட்() ஃபங்ஷனுக்குள் (நேரத்தை விட்டுத் தேதியை மட்டும் எடுப்பது) சுருட்டிவிட்டதால் இன்டெக்ஸின் இரண்டாவது பாதி உதவவில்லை. அந்த விவசாயியின் பழைய வரவெல்லாம் அலசப்பட்டது. கண்டிஷனை இப்படி மாற்றினேன்:

வரவு_நேரம் >= இன்று 0 மணி, வரவு_நேரம் < நாளை 0 மணி

டைப் 'ரேஞ்ச்' (இதிலிருந்து இதுவரை), ரோஸ் 7. சீட்டு உடனே வந்தது.

அதற்காகக் கண்ட ஃபீல்டுக்கெல்லாம் இன்டெக்ஸ் போடாதீர்கள். ஒவ்வொரு வரவு ஏறும்போதும் அத்தனை இன்டெக்ஸிலும் எழுதியாக வேண்டும்.

மைஎஸ்க்யூஎல் 8.0.18 பதிப்பு முதல் 'எக்ஸ்ப்ளெயின் அனலைஸ்' உண்டு, நிஜ நேரத்தைக் காட்டும். ஆனால் க்வெரியை உண்மையாகவே ஓட்டும். ஏல நேரத்தில் வேண்டாம்.

வேலை முடிந்ததும் லாக்கை ஆஃப் செய்யுங்கள். நான் மறந்துவிட்டேன். டிஸ்க் நிரம்பி, அடுத்த முகூர்த்தத்தன்றும் அதே கடையிலிருந்து போன்.