சாஃப்ட்பால் பிட்சிங்: பிள்ளைகளிடம் திருத்த வேண்டிய தவறுகள்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் உள்ள சாட்ஸ்வர்த்தில், சனிக்கிழமை காலை சாஃப்ட்பால் (பேஸ்பாலைப் போன்ற, ஆனால் பந்தைக் கீழிருந்து வீசும் ஆட்டம்) பழக வரும் பெண் பிள்ளைகளில் பலர் வீட்டு முற்றத்தில் அண்ணன் தம்பிகளோடு கிரிக்கெட் ஆடி வளர்ந்தவர்கள். இங்கே அது சாதாரணம். பந்து வீசுவது என்றால் கையை விறைப்பாக நீட்டிச் சுற்றுவது என்று அவர்கள் உடம்பில் ஊறிப்போயிருக்கும். கிரிக்கெட்டில் வீசும்போது முழங்கை 15 பாகைக்கு மேல் நிமிர்ந்தால் அது எறிதல் ஆகிவிடும். அதனால் சின்ன வயதிலேயே "கையை மடக்காதே" என்று சொல்லிச் சொல்லி வளர்க்கிறோம். சாஃப்ட்பாலுக்கு வந்ததும் நான் முதலில் அவிழ்க்க வேண்டியிருப்பது அந்த முடிச்சைத்தான்.

சாஃப்ட்பாலில் பிட்சிங், அதாவது மட்டையாளருக்குப் பந்து வீசுவது, பெரும்பாலும் விண்ட்மில் (காற்றாலை) வீச்சுதான். அதில் கை தோளைச் சுற்றி ஒரு முழு வட்டம் போடுகிறது. ஆனால் வேகம் வட்டத்தால் மட்டும் வருவதில்லை. கை கீழே இறங்கி இடுப்பை நெருங்கும்போது மேல்கை நிதானமாகிறது, முன்கை சாட்டை நுனி போல அதை முந்திக்கொண்டு போகிறது. முழங்கை லேசாக மடங்கித் தளர்ந்திருந்தால்தான் இது நடக்கும். விறைத்த கை வெறும் கம்பு. "கையைத் தளர்த்து" என்று பத்துத் தடவை சொல்லிப் பயனில்லை, சொல்லச் சொல்ல பிள்ளை இன்னும் இறுகும். ஒரு சின்னத் துண்டின் முனையில் முடிச்சுப் போட்டுக் கொடுத்து, பந்து வீசுவது போலவே சுற்றச் சொல்லுங்கள். கை தளர்ந்தால் இடுப்புக்குப் பக்கத்தில் துண்டு 'சட்'டென்று சத்தம் போடும். அந்தச் சத்தத்தைப் பிள்ளையே தேட ஆரம்பித்துவிடும்.

இன்னொரு பழைய பழக்கமும் உண்டு. பந்தை விட்டதும் முழங்கையை மேலே தூக்கிக் கையைக் காதுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தச் சொல்வது. நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் சொல்லிக் கொடுத்தேன். பெரிய ஆட்டங்களில் வீசுபவர்களின் வீடியோவை மெதுவாக ஓட்டிப் பாருங்கள், பந்து போன பிறகு கை தளர்ந்து உடம்புக்குக் குறுக்கே போகும். வலிந்து தூக்கினால் பிள்ளை பந்தைச் சுண்டாமல் உள்ளங்கையால் முன்னே தள்ளப் பழகிவிடும்.

இனி கால். இதைத்தான் நான் அழுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் கையில் தெரியும் பல தவறுகள் காலில் தொடங்குகின்றன. வலக்கையால் வீசும் ஒரு பிள்ளைக்குப் பந்து எப்போதும் வலப்பக்கமாகவே போய்க்கொண்டிருந்தது. மூன்று வாரம் அவளுடைய மணிக்கட்டையே திருத்திக்கொண்டிருந்தேன். அப்புறம் ஒரு நாள், பந்தைப் பிடிக்கும் கேட்ச்சருக்குப் பின்னால் போய் நின்று பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் அவளுடைய இடது கால், கேட்ச்சரை நோக்கிய நேர்க்கோட்டைத் தாண்டி அவளுடைய வலப்பக்கம் விழுந்தது. இடுப்பு கையின் பாதையை மறித்தது. இடுப்பைச் சுற்றிக்கொண்டு போவதைத் தவிர அந்தக் கைக்கு வேறு வழியில்லை. மணிக்கட்டில் ஒரு குறையும் இல்லை.

பிட்சிங் தட்டிலிருந்து (வீசுபவர் கால் வைத்துக் கிளம்பும் தட்டு) கேட்ச்சர் வரை ஒரு கயிற்றை நீட்டிப் போடுங்கள். முன்கால் அந்தக் கயிற்றின் மேலோ ஒட்டியோ விழ வேண்டும், பாதம் சுமார் 45 பாகை திரும்பியிருக்க வேண்டும். முழங்கால் தொய்யாமல் உடம்பைத் தாங்க வேண்டும். கை வட்டம் வெளியே விரிகிறதா என்று பார்க்க மைதானத்துக் கம்பி வேலி போதும்: வீசும் கைப்பக்கம் வேலி இருக்கும்படி ஒரு சாண் தள்ளி நிறுத்திச் சுற்றச் சொன்னால், விரிகிற கை வேலியில் உரசும்.

இடுப்பிலிருந்து முன்னே குனிவது அடுத்தது. வேகமாக வீச ஆசைப்படும் பிள்ளை தலையையும் மார்பையும் முன்னே தள்ளும். பந்தை விடும் நேரத்தில் முதுகு நிமிர்ந்திருக்க வேண்டும். பந்து தரையில் குத்தினால் சீக்கிரம் விட்டிருக்கிறாள், தலைக்கு மேல் போனால் தாமதமாக விட்டிருக்கிறாள் என்று முதலில் எண்ணுங்கள். ஆனால் விடும் நேரத்தைத் திருத்தப் போகும் முன் முதுகைப் பாருங்கள்.

பின்காலைப் பற்றி ஒரு வார்த்தை. தட்டை விட்டுக் கிளம்பிய கால் நடுவில் மறுபடி ஊன்றி இன்னொரு தடவை உந்தினால் நடுவர் விதிமீறல் என்று சொல்லிவிடுவார். பன்னிரண்டு வயதுக்குள் திருத்திவிட வேண்டும், அதற்குப் பிறகு கடினம்.

பெற்றோர் செய்யும் தவறும் ஒன்று இருக்கிறது. நான்கு பந்து தவறினதும் வேலிக்கு வெளியிலிருந்து "மெதுவாப் போடு, ஸ்ட்ரைக் போடு" என்று, அதாவது மட்டையாளர் அடிக்கக்கூடிய எல்லைக்குள் போடு என்று, குரல் வரும். அன்பினால்தான் சொல்கிறார்கள். ஆனால் மெதுவாக வீசும்போது பிள்ளை பந்தைக் குறிபார்த்து வைக்கிறாள், கை நடுவழியில் பிரேக் போடுகிறது, கற்ற அசைவு முழுதும் மாறிவிடுகிறது. அதற்குப் பதில் தூரத்தைக் குறையுங்கள். பெண்கள் ஆட்டத்தில் பெரியவர்கள் வீசும் தூரம் 13.11 மீட்டர், பன்னிரண்டு வயதுக்கு உட்பட்டவர்களுக்குப் பல போட்டிகளில் 12.19 மீட்டர். பழகும் பிள்ளை நான்கு மீட்டரில் வலையைப் பார்த்து முழு வேகத்தில் வீசட்டும். சின்னக் கைக்கு 12 அங்குலச் சுற்றளவுள்ள பந்து பெரிது, 11 அங்குலப் பந்தைக் கொடுங்கள். இல்லாவிட்டால் விரல்களில் நிற்க வேண்டிய பந்து உள்ளங்கைக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும்.

கீழிருந்து வீசுவதால் தோளுக்குக் கெடுதல் இல்லை என்று நம் வீடுகளில் நினைக்கிறார்கள். அது உண்மையில்லை. விண்ட்மில் வீச்சில் தோள் தாங்கும் இழுவிசை, பேஸ்பாலில் மேலிருந்து வீசுபவர்களுக்கு வருவதோடு ஒப்பிடக்கூடியது. ஒரே பிள்ளை நன்றாக வீசுகிறாள் என்று சனி ஞாயிறு எல்லா ஆட்டத்திலும் அவளையே நிறுத்துவது எனக்குப் பொறுக்கவில்லை. "அங்கிள், இங்க வலிக்குது" என்று தோளின் முன்பக்கத்தை ஒரு பிள்ளை தொட்டுக் காட்டினால் அன்றைக்கு அவளுக்கு ஆட்டம் முடிந்தது. வலி போகும்வரை பந்தைத் தொட வேண்டாம். ஒரு வாரத்தில் போகாவிட்டால் மருத்துவரிடம் காட்டுங்கள். அவள் திரும்பி வரும்போது நான்கு மீட்டரிலிருந்துதான் மறுபடி தொடங்குவோம்.