ஓடிடியில் ஆட்-ஆன் சேனல்: சேர்ப்பது எப்படி, நிறுத்துவது எப்படி?

போன மாதம் மன்னார்குடிக்குப் போனபோது அத்தை போனை நீட்டினார். "இந்தப் பணம் எதுக்குப் போவுதுன்னு பாருப்பா." ஒரே ஓடிடியின் பெயரில் ஒரே மாதத்தில் இரண்டு தடவை பணம் எடுத்ததாக பேங்க் எஸ்எம்எஸ். ஒன்று வழக்கமான சந்தா. இன்னொன்று, லீவுக்கு வந்த பேரன் ஒரு படத்துக்காக 'ஏழு நாள் இலவசம்' என்பதை அழுத்திச் சேர்த்துவிட்டுப் போன ஆட்-ஆன் சேனல்; அதாவது மெயின் சந்தாவுக்கு மேல் தனியாகப் பணம் கட்டி அதே ஆப்பில் பார்க்கும் இன்னொரு சேவை. அவன் ஊருக்குத் திரும்பி மூன்று மாதம் ஆகிறது.

நீடாமங்கலம் பக்கம் ஆற்றைப் பிரித்துவிடும் மூணாறு தலைப்பைப் பார்த்தவர்களுக்கு ஆட்-ஆன் சட்டென்று புரிந்துவிடும். வெண்ணாற்றுத் தண்ணீர் அங்கே கோரையாறு, பாமணியாறு என்று பிரிகிறது. ஒவ்வொன்றுக்கும் தனி ஷட்டர். பாமணிக்கு ஷட்டரை இறக்கினாலும் வெண்ணாறு ஓடும். தலைப்புக்கே தண்ணீர் வராவிட்டால் பாமணியிலும் வராது. மெயின் சந்தாவுக்கும் ஆட்-ஆனுக்கும் உள்ள உறவு இதேதான்.

அமேசான் பிரைம் வீடியோ 2021 செப்டம்பரில் இந்தியாவில் இந்த வசதியைக் கொண்டுவந்தது. லயன்ஸ்கேட் பிளே, முபி, மனோரமா மேக்ஸ் போன்ற வேறு ஓடிடிகளை அதே ஆப்பிலேயே பார்க்கலாம். ஆனால் பிரைம் கட்டணத்தில் இவை சேராது. ஒவ்வொன்றுக்கும் தனியாகக் கட்ட வேண்டும்.

முதலில் படத்தின் மேல் இருக்கும் குறியைப் பாருங்கள். பிரைமில் நீல டிக் இருந்தால் உங்கள் சந்தாவிலேயே பார்க்கலாம். மஞ்சள் பை இருந்தால் தனியாகப் பணம் கட்ட வேண்டும்: வாடகையாகவோ விலையாகவோ ஆட்-ஆனாகவோ இருக்கலாம்.

அடுத்து, அதே சேவைக்கு அதன் சொந்த ஆப்பில் வீட்டில் யாராவது ஏற்கெனவே கட்டுகிறார்களா என்று கேளுங்கள். இரண்டு கணக்கும் தானாக ஒன்று சேராது, இரட்டைச் செலவுதான்.

சரி, சேர்க்கிறீர்கள். இலவச நாட்கள் முடிந்ததும் பணம் தானாகப் போகும். அதனால் அழுத்திய கையோடு கடைசித் தேதியைக் காலண்டரில் குறித்துவிடுங்கள். தினசரிக் காலண்டர் தாளில் பேனாவால் எழுதினாலும் போதும். தானாகப் பணம் எடுக்கும் முன், குறைந்தது 24 மணி நேரத்துக்கு முன்பே தகவல் வர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. அத்தைக்கும் வந்திருந்தது. ஆங்கிலத்தில் இருந்ததால் திறக்கவே இல்லை. வீட்டுப் பெரியவர்களின் போனை வாரம் ஒரு தடவை வாங்கிப் பார்ப்பதை நான் ரொம்ப முக்கியமாக நினைக்கிறேன்.

நிறுத்துவதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். ஆப்பை அழித்தால் சந்தா நிற்காது. கணக்கு அமைப்புகளில் சந்தாக்கள் பகுதிக்குப் போய், அந்தச் சேனலை மட்டும் தேர்ந்தெடுத்து ரத்து செய்யுங்கள். 'வேண்டாம், தொடர்கிறேன்' என்ற பட்டன் பெரிதாக நிற்கும். அவசரத்தில் அதை அழுத்திவிடாதீர்கள். எந்தத் தேதி வரை பார்க்கலாம் என்று திரையில் வந்தால்தான் வேலை முடிந்தது. அப்புறம் யுபிஐ ஆப்பில் ஆட்டோபே பகுதியைத் திறந்து, அந்தச் சேனலுக்குத் தானாகப் பணம் எடுக்கக் கொடுத்த அனுமதி இன்னும் உயிரோடு இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். மெயின் சந்தாவின் அனுமதியில் கை வைக்க வேண்டாம்.

அத்தைக்கு இன்னும் பதினொரு நாள் பாக்கி என்று காட்டியது. அந்தச் சேனலில் என்னதான் இருக்கிறது என்று அன்று சாயங்காலம்தான் முதல் தடவையாகத் திறந்து பார்த்தார்.