மச்சானோடு மெசின் எடுக்க முன்: கூட்டு வியாபாரத்துக்கு ஓர் எழுத்து

காலபோக அறுவடைக்குக் கிளிநொச்சிப் பக்கம் நெல் வெட்டு மெசின்கள் இறங்கினால், "ரெண்டு பேரும் சேர்ந்து ஒன்று எடுப்பமோ மச்சான்?" என்ற கதையும் தொடங்கிவிடும். நானும் அப்படித்தான் தொடங்கினேன். கணக்கு சி.ஆர். கொப்பியில், உடன்படிக்கை வாயில். நீங்கள் வேறு மாதிரிச் செய்யுங்கள்.

முதல் வேலை, எழுதிக் கையொப்பம் வைப்பது. 1840 ஆம் ஆண்டின் மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டப்படி, போடும் முதலீடு 1000 ரூபாயைத் தாண்டினால் பங்குடைமை, அதாவது கூட்டு வியாபாரம், எழுத்தில் இருக்க வேண்டும். இன்று 1000 ரூபாய்க்கு மெசினுக்கு ஒரு நாள் டீசல்கூட வராது. ஆகவே இது எல்லாருக்கும்தான். எழுத்து இல்லாமல் பங்காளர்கள் ஒருவர்மேல் ஒருவர் வழக்கில் நிற்பது கடினம். ஆனால் கடனுக்கு டீசல் தந்த கடைக்காரர், நீங்கள் கூட்டு என்பதை வேறு சான்றுகளால் காட்டி வழக்குப் போடலாம்! மச்சான் தொழிலுக்கென்று வாங்கிய கடன் உங்கள் சொந்தச் சொத்துவரை வரும்.

அடுத்தது இலாபம். எழுத்தில் விட்ட இடங்களை, இலங்கையிலும் செல்லும் 1890 ஆம் ஆண்டின் ஆங்கிலேயப் பங்குடைமைச் சட்டம் நிரப்பும். நீங்கள் 8 இலட்சமும் மச்சான் 2 இலட்சமும் போட்டாலும், வேறு பேச்சில்லையென்றால் இலாபம் சரிபாதி, நட்டமும் சரிபாதி. இரவிரவாக மெசின் ஓட்டினாலும் சம்பளம் கேட்க முடியாது. எங்களுக்குள் கதை நின்றுபோனது இந்த இடத்தில்தான். இப்படி ஒரு வரி இருந்திருந்தால் போதும்:

"மெசின் ஓட்டும் பங்காளருக்கு ஏக்கருக்கு இவ்வளவு ரூபாய் முதலில் கழிக்கப்படும், மிகுதி 3:2 என்ற விகிதத்தில் பிரிக்கப்படும்."

விகிதம் உங்கள் விருப்பம். காணி சம்பந்தப்படாவிட்டால் நொத்தாரிசு கட்டாயமில்லை, ஆனாலும் ஒரு சட்டத்தரணிக்குக் காட்டுங்கள்.

உங்கள் பெயர்கள் அல்லாத வேறு பெயரில் நடத்தினால் வியாபாரப் பெயர்ப் பதிவு வேண்டும். பிரதேச செயலகத்தில் கேளுங்கள். அந்தப் பதிவுப் பத்திரம் உடன்படிக்கைக்கு ஈடாகாது.

கடைசியாக, பலர் கேட்கக் கூசும் கேள்வி: ஒருவர் விலகினால்? இறந்தால்? காலம் குறிக்காத கூட்டை ஒருவர் அறிவித்தல் கொடுத்தே முடிக்கலாம். வேறாக எழுதாவிட்டால் மரணத்தோடும் கூட்டு கலையும். மெசின் யாருக்கு, விலையை யார் மதிப்பது, மற்றவருக்குக் காசு எத்தனை மாதத்தில் என்று இப்போதே எழுதிவிட்டு, ஆளுக்கொரு பிரதி வைத்திருங்கள்.