கொல்லைப்புறத்தில் எல்லைத் தகராறு: குண்டுக்கரிச்சானைக் கவனிப்பது எப்படி

பங்குனி வாக்கில், விடிவதற்குக் கொஞ்சம் முன்னால் ஆன்டெனா கம்பியிலிருந்தோ விளக்குக் கம்பத்திலிருந்தோ நீளமாக ஒரு விசில் கேட்டால் அது அநேகமாகக் குண்டுக்கரிச்சான்தான். மைனாவைவிடச் சின்னது, கறுப்பும் வெள்ளையும், வாலைச் சட்டுச் சட்டென்று தூக்கும். ஆணுக்குக் கறுப்பாக இருக்கும் இடம் பெட்டைக்குச் சாம்பல். நமக்கு அது பாட்டு, பக்கத்து ஆணுக்கு 'உள்ளே வராதே'.

அந்த 'உள்ளே' எங்கே முடிகிறது, அதன் எல்லை எது என்று கண்டுபிடிப்பது செலவே இல்லாத வேலை. பைனாகுலர் இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் பரவாயில்லை. காலை ஆறிலிருந்து ஏழரை வரை தினமும் ஒரே இடத்தில் நாற்காலி போட்டு உட்காருங்கள். இடத்தை மாற்றிக்கொண்டே இருந்தால் அவை உங்களுக்குப் பழகவே பழகாது. ஒரு தாளில் வீடு, மதில், மரம், தண்ணீர்த் தொட்டி, துணிக்கொடி எல்லாவற்றையும் குத்துமதிப்பாக வரைந்துகொள்ளுங்கள். பாடிய இடத்துக்குப் புள்ளி, துரத்தலுக்கு அம்புக்குறி. துரத்திப் போன பறவை எங்கே நின்று திரும்புகிறதோ அங்கே ஒரு பெருக்கல் குறி போடுங்கள், அதுதான் முக்கியம். யார் ஜெயித்தார் என்று பார்த்துக்கொண்டிருந்தால் ஒன்றும் புரியாது, யார் எங்கே திரும்பினார் என்று பாருங்கள்.

பத்துப் பன்னிரண்டு நாளில் அந்தப் பெருக்கல் குறிகள் ஒரு கோடாகச் சேர ஆரம்பிக்கும். எங்கள் வீட்டில் அந்தக் கோடு மதிலை ஒட்டிப் போகவில்லை, பக்கத்து வீட்டு மாமரத்திலிருந்து எங்கள் கிணறு வரைக்கும் குறுக்காகப் போனது, பத்திரப் பதிவு பண்ணின எல்லையை அது சட்டையே செய்யவில்லை!

நேரடி அடிதடி அபூர்வம். முதலில் மாற்றி மாற்றிப் பாட்டு. அப்புறம் இரண்டும் மதில்மேல் நாலடி தள்ளி உட்கார்ந்து, உடம்பை உப்பிக்கொண்டு, அலகை வானத்தைப் பார்த்துத் தூக்கிக்கொண்டு விறைப்பாக நிற்கும். ஒரு நாள் இப்படி ரொம்ப நேரம் நின்றவை திடீரென்று மோதி, காலோடு கால் பின்னிக்கொண்டு செம்பருத்திக்குள் விழுந்தன, பிரிந்த வேகத்தில் ஒன்று முருங்கையில் ஏறிப் பாட, மற்றது ஒன்றுமே நடக்காததுபோல் தரையில் பூச்சி பொறுக்கப் போய்விட்டது. இரண்டு ஆண்களை அடையாளம் பிரிப்பது கஷ்டம்தான். எங்கிருந்து கிளம்பியது என்பதைப் பிடித்துக்கொள்ளுங்கள். வாலில் ஒரு இறகு குறைந்திருந்தால் அதிர்ஷ்டம்.

எல்லாத் துரத்தலும் எல்லைக்காக இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். இரட்டைவால் குருவி காகத்தையும் பருந்தையும் விரட்டுவது பெரும்பாலும் கூட்டைக் காப்பாற்ற. தேன்சிட்டு பூச்செடிக்காகச் சண்டை போடும், பூ தீர்ந்தால் அந்தச் செடியைத் திரும்பிக்கூடப் பார்க்காது. மைனாக்கள் ஜோடி ஜோடியாகத் தரையில் உருண்டால் பக்கத்தில் மரப்பொந்தோ சுவர் ஓட்டையோ இருக்கிறதா என்று தேடுங்கள். தவிட்டுக்குருவிகளுக்குத் தனி ஆள் தகராறு கிடையாது, கும்பலுக்கும் கும்பலுக்கும்தான்.

குண்டுக்கரிச்சான் ஸ்கூட்டர் கண்ணாடியைக் கொத்திக்கொண்டே இருக்கிறதா? அதற்குப் பைத்தியம் இல்லை. தன் உருவத்தையே வேற்று ஆண் என்று நினைத்துக்கொள்கிறது, எதிராளி தோற்றும் போகாமல் ஓடியும் போகாமல் இருந்தால் பாவம் அது என்ன செய்யும்? வண்டியை நிறுத்தியதும் கண்ணாடியில் பழைய காலுறையை மாட்டிவிடுங்கள். நான் இரண்டு நாள் வேடிக்கை பார்த்துவிட்டுத்தான் மாட்டினேன், கண்ணாடிக்குக் கீழே எச்சம் வழிந்து காய்ந்து கிடந்தது.

போனில் அதன் குரலைப் போட்டு வரவழைக்கும் வேலை மட்டும் வேண்டாம். இல்லாத எதிரியைத் தேடி அலையும், குஞ்சுக்கு இரை கொண்டுபோகிற நேரம் வீணாகும். கூட்டுக்குப் பக்கத்தில் போகாதீர்கள். தரையில் கட்டிப் புரண்டால் பிரித்துவிடவும் வேண்டாம், பூனை வராமல் பார்த்துக்கொண்டால் போதும்.

ஆடி தாண்டினால் பாட்டு குறையும், குறிகளும் குறையும். தாளை எறிந்துவிடாதீர்கள், அடுத்த பங்குனியில் புதுத் தாளோடு வைத்துப் பார்க்க வேண்டும். எங்கள் கிணறு இந்த வருஷம் மாமரத்துக்காரன் பக்கம் போய்விட்டது.